புரியாணிக்கு பட்ஜெட் இருக்கு, மருந்துப் பெட்டிக்கு இல்லையா?



கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வந்தாலும் முழுக்க வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

லீவு தொடங்கப் போகிறது. ஊரில் எந்த வட்ஸ்அப் குரூப்பைத் திறந்தாலும் ட்ரிப் கதைதான். விளையாட்டுக் கழகம் ஒரு பஸ், குடும்பம் ஒரு வேன், டியூஷன் வகுப்பு ஒரு பஸ், பாடசாலை இரண்டு பஸ். கல்முனையில் இருந்தாலும் அக்கரைப்பற்றில் இருந்தாலும் நமக்குப் பாதை ஒன்றுதான்: அம்பாறை, மஹாஓயா, மஹியங்கனை, பதினெட்டு வளைவு, கண்டி, நுவரெலியா, வரும்போது எல்ல. போகட்டும். பிள்ளைகள் நாடு பார்க்கட்டும். ட்ரிப் போவதே பிழை என்று பேச வரவில்லை. என்னத்தைக் கட்டிக்கொண்டு போகிறோம் என்பதைத்தான் பேச வேண்டும்.

குரூப்பில் வரும் செலவுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பஸ் கூலி. கோழி இத்தனை கிலோ. சம்பா அரிசி இத்தனை கிலோ. சோடா. சவுண்ட் செட். எல்லாருக்கும் ஒரே கலரில் டீசேர்ட், அதில் பேர் அடிக்கிற காசு. பெனர். கடைசியில் 'இதர செலவு' என்று ஒரு வரி. முதலுதவிப் பெட்டி என்று ஒரு வரியை நாம் எத்தனை பட்டியலில் பார்த்திருக்கிறோம்? டோர்ச்? குப்பை போட உறை? பயணிகளின் பேர்ப் பட்டியல் போட்டோக்கொப்பி அடிக்க நூறு இருநூறு ரூபாய்?

கேட்டால் பதில் ரெடி. "அதெல்லாம் ஆராச்சும் கொண்டு வருவாங்க." ஐம்பது பேர் போகிற பஸ்ஸில் ஐம்பது பேரும் 'ஆராச்சும்' என்று நினைத்தால், அந்த ஆராச்சும் யார்?

வீட்டில் கேட்டால், "அவ வெப்பா" என்கிறார் வாப்பா. அவவோ இரவு ரெண்டு மணி வரைக்கும் குசினியில் கோழி கழுவிக்கொண்டிருக்கிறா. நாலு பிள்ளைக்கும் உடுப்பு மடிக்க வேண்டும், மாமிக்கு மருந்து எடுக்க வேண்டும், சின்னவனுக்குப் பால்மா கட்ட வேண்டும். விடியச்சாமம் மூன்றரைக்கு வாசலில் ஹோர்ன் அடித்துக்கொண்டு "இன்னும் முடியல்லயா?" என்று கேட்பதுதான் ஆண்களின் பங்கு. பிறகு ஒரு சாமான் விடுபட்டால் ஏச்சும் அவவுக்குத்தான். பொதி கட்டுகிற பொறுப்பை வீட்டுப் பெண்களின் தலையில் தள்ளிவிட்டு, ட்ரிப் ஏற்பாட்டாளர் என்ற பேரை மட்டும் நாம் வைத்துக்கொள்வது நியாயமில்லை. ஒரு பஸ்ஸை ஏற்பாடு செய்கிறவர் அந்த பஸ்ஸில் என்ன ஏறுகிறது, என்ன ஏறவில்லை என்பதற்கும் பொறுப்புச் சொல்ல வேண்டும்.

நாங்கள் ஆசிரியர்கள். பிள்ளைகளைக் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பெடுத்துக் கூட்டிப் போகிறவர்கள். அதனால் இதைப் பேச எங்களுக்கு உரிமையும் இருக்கிறது, கடமையும் இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதலாவது, கூடாத சாமான்.

காஸ் சிலிண்டரையும் அடுப்பையும் ஆட்கள் ஏறுகிற அதே பஸ்ஸில் ஏற்றுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. 2021 கடைசியில் நாடு முழுக்க வீடுகளில் காஸ் வெடித்த செய்திகள் அடுத்தடுத்து வந்தபோது நாம் எல்லாரும் அடுப்பைத் தொடவே பயந்தோம். அசையாமல் நிற்கிற வீட்டுக்குள் பயந்த அதே சாமானை, வளைவுக்கு வளைவு உருளுகிற பஸ்ஸின் பின் சீட்டுக்குக் கீழே வைத்து, அதன் மேலே பிள்ளைகளை இருத்துகிறோம். இதற்கு என்ன பேர்?

நடைபாதையில் அடுக்குகிற சட்டி, பானை, ரைஸ் குக்கர், தண்ணீர்க் கேன், சவுண்ட் பொக்ஸ் எல்லாம் இதே கணக்குத்தான். பஸ் சடாரென்று பிரேக் அடித்தால் இரும்புச் சட்டி சும்மா இருக்காது, பறக்கும். பஸ் சரிந்தால் வெளியே வருகிற வழி அதுதான். அந்த வழியை நாமே அடைத்து வைத்திருக்கிறோம். பின்னால் இருக்கிற அவசரக் கதவு திறக்குமா என்று ஏறுமுன் ஒரு தரம் தள்ளிப் பார்க்கிற ஏற்பாட்டாளர் எத்தனை பேர்?

மலைநாட்டு வீதி நம் கடற்கரை வீதி மாதிரி இல்லை. 2023 ஜனவரியில் நானுஓயாவில் கொழும்புப் பாடசாலை ஒன்றின் சுற்றுலா பஸ் மோதியதில் எதிரே வேனிலும் முச்சக்கர வண்டியிலும் வந்த 7 பேர் இறந்தார்கள். 2025 செப்டம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில், சுற்றுலா முடித்துத் திரும்பிய தங்காலை நகர சபை ஊழியர்களின் பஸ் இரவில் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். நாம் போகிற வீதிகள் இவைதான். அந்தக் குடும்பங்களும் நம்மைப் போலவே சந்தோஷமாக உடுப்பு அடுக்கியவர்கள். அவர்கள் என்ன கொண்டு போனார்கள், போகவில்லை என்று நாம் பேச வரவில்லை. நம்முடைய பஸ்ஸுக்கு அப்படி ஒன்று நடந்தால், அல்லாஹ் பாதுகாக்க வேண்டும், இருட்டில் டோர்ச் யாரிடம்? இரத்தத்தை அமத்திப் பிடிக்கத் துணி எங்கே? பஸ்ஸில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் இல்லாமல் பஸ் ஊரை விட்டு வெளிக்கிடக் கூடாது.

இரண்டாவது, பேர்ப் பட்டியல்.

ஒரு தாள்தான். போகிறவர்களின் பேர், வயது, வீட்டில் இருக்கிற ஒருவரின் போன் நம்பர், இருக்கிற வருத்தம், ஒத்துக்கொள்ளாத மருந்து. மூன்று பிரதி. ஒன்று பஸ்ஸில், ஒன்று ஏற்பாட்டாளரின் பொக்கட்டில், ஒன்று ஊரில் பொறுப்பான ஒருவரிடம். போனில் இருக்கு என்று சொல்லாதீர்கள். போட்டோவும் வீடியோவும் எடுத்து எடுத்துப் பின்னேரம் ஆகும்போது எல்லாருடைய போனும் செத்துத்தான் கிடக்கும். மலைக்கு நடுவே சிக்னலும் இருக்காது.

சின்னப் பிள்ளைகளின் பொக்கட்டில் வாப்பாவின் நம்பரும் பஸ் நம்பரும் எழுதிய ஒரு துண்டு வையுங்கள். ஏப்ரலில் நுவரெலியா வசந்தகாலச் சனத்துக்குள், கிரகரி வாவிக் கரையில், ஒரு ஆறு வயதுப் பிள்ளை கை விட்டுப் போனால் அதற்கு உம்மாவின் பேர் 'உம்மா' என்று மட்டும்தான் தெரியும். அதைக் கண்டெடுக்கிற ஆளுக்குத் தமிழ் தெரியாமலும் இருக்கலாம். நம்பர் எந்த மொழியிலும் நம்பர்தான்.

மூன்றாவது, மருந்து.

"ரெண்டு நாள்தானே, மருந்தை விட்டா ஒண்டும் ஆகாது." சீனி வருத்தம், பிரஷர் இருக்கிற நம் பெரியவர்கள் சொல்கிற வசனம் இது. அதே ரெண்டு நாளில்தான் புரியாணியும் வட்டிலப்பமும் சோடாவும் வழமையை விடக் கூட. மாத்திரை விட்டுச் சாப்பாடு கூட்டினால் சீனி ஏறும். ஊசி அடித்துவிட்டு, பஸ் எங்கேயோ சிக்கிச் சாப்பாடு பிந்தினால் சீனி இறங்கும். இறங்குவது இன்னும் ஆபத்து. வேர்த்து, நடுங்கி, கதை குழறினால் அது பயணக் களைப்பு என்று படுக்க வைக்காதீர்கள். சுயநினைவு இருந்தால் உடனே குளுக்கோஸோ சீனித் தண்ணீரோ கொடுக்க வேண்டும். அந்த ஒரு குளுக்கோஸ் பெட்டி பஸ்ஸில் இருக்க வேண்டும்.

இன்சுலினைப் பெட்டிக்குள் போட்டு பஸ்ஸின் அடித்தட்டில் தள்ளாதீர்கள், வெயில் படுகிற கண்ணாடிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சூட்டில் அது பழுதாகும். ஐஸில் நேரே படவும் விடாதீர்கள், உறைந்தாலும் பழுதுதான். மருந்தும் கிளினிக் கொப்பியும் எப்போதும் கைப்பையில். தெரியாத ஊர் ஆஸ்பத்திரியில் அந்தக் கொப்பி நமக்காகப் பேசும்.

இழுப்பு வருத்தம் உள்ள பிள்ளையின் இன்ஹேலர் பிள்ளையின் பக்கத்தில் இருக்க வேண்டும். நுவரெலியாக் குளிரில் இழுப்பு வந்த பிறகு, "மகன்ட பேக் எந்த பஸ்ஸில?" என்று தேடக் கூடாது.

பெட்டிக்குள் என்ன வேண்டும்? கோஸ் துணி, பண்டேஜ், பிளாஸ்டர், கத்தரிக்கோல், கையுறை, கிருமிநாசினி, வெப்பமானி, ஜீவனி பக்கட், பெனடோல், வாந்தி எடுக்க உறைகள். ஜீவனியைப் பக்கட்டில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில் மட்டும் கரையுங்கள், அரைக் கப்பில் கலக்கிக் கொடுக்காதீர்கள். காய்ச்சலுக்கு பெனடோல் தவிர வேறு வலி மாத்திரை கொடுக்காதீர்கள். டெங்கு உள்ள நாட்டில் அஸ்பிரினும் இபுப்ரொஃபனும் இரத்தப்போக்கைக் கூட்டும். பிள்ளைகளுக்கு பெனடோல் அளவும் உடல் எடையைப் பார்த்துத்தான்.

1990 சுவசெரிய அம்புலன்ஸை எல்லாரும் போனில் பதிந்து வையுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சேவை, இன்று எல்லா மாகாணங்களிலும் ஓடுகிறது. காசு இல்லை. ஆனால் எங்கே நிற்கிறோம் என்று சொல்லத் தெரிய வேண்டும். வீதியோரத்துக் கிலோமீற்றர் கல்லைப் பார்த்துக்கொண்டு போகிற பழக்கத்தைப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். நல்ல விளையாட்டு அது.

நான்காவது, குளிர்.

ஒவ்வொரு லீவிலும் விடியச்சாமம் நுவரெலியா பஸ் தரிப்பிடத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள் மெல்லிய டீசேர்ட்டோடு பல்லு நடுங்க நிற்கிறார்கள். ஆயிரம் மீற்றர் ஏற ஏற வெப்பம் ஆறரை பாகை அளவு குறையும் என்று புவியியல் பாடத்தில் படிப்பிக்கிறோம். நுவரெலியா 1868 மீற்றர். கணக்குப் பாருங்கள், கரையை விடப் பன்னிரண்டு பாகை குறைவு. இரவில் இன்னும் இறங்கும். பரீட்சையில் இந்தக் கணக்குக்குப் புள்ளி எடுத்த பிள்ளையே சுவெட்டர் இல்லாமல் நிற்கிறது. பேர் அடித்த டீசேர்ட்டுக்கு ஆளுக்கு ஆயிரக்கணக்கில் சேர்க்கிற நாம், கைக்குழந்தைக்கு ஒரு குளிர்த்தொப்பியும் ஒரு சோடி மேசும் வைத்தோமா என்று கேட்பதில்லை.

ஐந்தாவது, பெண் பிள்ளைகள்.

இதைப் பகிரங்கமாக எழுதினால் சிலருக்கு முகம் சுளிக்கும். பரவாயில்லை. ஐம்பது பெண் பிள்ளைகள் போகிற பஸ்ஸில் நாப்கின் ஒரு பக்கட் இல்லாமல் போவது வெட்கமா, அதைப் பற்றி எழுதுவது வெட்கமா? பயணக் களைப்பில் நாள் முந்தி வரும். பதினான்கு வயதுப் பிள்ளை ஆரிடம் கேட்பது என்று தெரியாமல் பஸ்ஸின் மூலையில் அழுதுகொண்டு இருக்கும். ஒரு பெண் ஆசிரியையின் பையில் நாப்கின், மாற்றுடுப்பு, கறுத்த உறை, சவர்க்காரம் இருக்க வேண்டும். அது அவவின் சொந்தக் காசில் இல்லாமல் ட்ரிப் காசில் வாங்கப்பட வேண்டும்.

இன்னொன்று. மலசலகூடம் எங்கே இருக்கும் என்று தெரியாத பயத்தில் நம் உம்மாமாரும் பிள்ளைகளும் காலையில் இருந்து தண்ணீர் குடிக்காமலே வருகிறார்கள். பிறகு தலையிடி, சலக்கடுப்பு. எங்கே எங்கே நிற்பாட்டுவோம், எந்தப் பள்ளியில் பெண்களுக்கு இடம் இருக்கு என்று முன்கூட்டியே விசாரித்து எழுதிய தாளும் பொதியில் கட்ட வேண்டிய சாமான்தான்.

ஆறாவது, சாப்பாடு.

நடுச்சாமம் ஆக்கிய சோற்றையும் கோழியையும் சூடு ஆற விடாமல் மூடிக் கட்டி, அடுத்த நாள் பகல் ரெண்டு மணிக்குத் திறக்கிறோம். பதினான்கு மணித்தியாலம். ஆக்கிய சாப்பாடு வெளியில் ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தாலே கிருமி பெருகத் தொடங்கும். சோற்றில் வருகிற சில கிருமிகளின் நச்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. பிறகு பஸ் முழுக்க வயிற்றோட்டம். பாண், வாழைப்பழம், பேரீச்சம்பழம், பிஸ்கட், கச்சான் கொண்டு போனால் யாருடைய மானமும் போய்விடாது. பகல் சாப்பாட்டைப் போகிற ஊரில் ஒரு கடையில் முன்கூட்டியே சொல்லிச் சுடச்சுடச் சாப்பிடலாம். பெண்களும் அந்த இரவு நித்திரை கொள்வார்கள்.

ஏழாவது, தண்ணீர்.

சாரனையும் துவாயையும் பையில் வைக்கும்போதே, குளிப்பது என்ற முடிவை நாம் வீட்டிலேயே எடுத்துவிட்டோம். அப்படியென்றால் கயிறும் அதே பையில் இருக்க வேண்டும். கடல் தெரியும் என்ற தைரியம் மஹாவலியிலும் அருவிகளிலும் செல்லாது. பாசிப் பாறை வழுக்கும், மேலே மலையில் மழை பெய்தால் நாம் நிற்கிற இடத்தில் மழை இல்லாமலே தண்ணீர் ஏறும். ஒருவர் இழுபட்டால் அவரைப் பிடிக்க இன்னும் இரண்டு பேர் குதித்து மூன்று ஜனாஸாவாக வந்த செய்திகளை நாம் வாசித்திருக்கிறோம். குதிக்காதீர்கள். கயிறை எறியுங்கள். மூடி இறுக்கிய வெற்றுத் தண்ணீர்க் கேனை எறியுங்கள், அது மிதக்கும். எச்சரிக்கைப் பலகை போட்ட இடத்தில் இறங்கவே வேண்டாம்.

எட்டாவது, குப்பை.

ஹோட்டன் சமவெளி வாசலில் பையைத் திறந்து பொலித்தீனை எடுத்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். அப்படி ஒருவர் நின்று பார்க்காத இடத்தில் நாம் எப்படி நடக்கிறோம்? சாப்பிட்டு எழும்பின இடத்தில் லன்ச் ஷீட்டும் சோடாப் போத்தலும் கோழி எலும்பும். நம் மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பொலித்தீன் தின்று யானைகள் செத்ததை 2022இல் உலகமே பார்த்தது. அந்தப் பாடத்தை நம்மை விட யாருக்குத் தெரியும்? பாதையில் கிடக்கிற இடைஞ்சலை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்துவிட்டு, அடுத்தவன் ஊர்ப் பாதையில் இடைஞ்சலைப் போட்டுவிட்டு வருகிறோம். அபாயாவும் தொப்பியுமாக ஒரு பஸ் வந்து போன இடத்தில் கிடக்கிற குப்பைக்கு அந்த ஊர் மக்கள் நம் எல்லாருடைய பேரையும்தான் சொல்வார்கள். நாலு பெரிய உறை கொண்டு போங்கள். நிறைந்த உறையை ஊருக்கே திருப்பிக் கொண்டு வாருங்கள்.

இனி, வரப்போகிற பதில்களுக்கு வருவோம்.

"முந்தி நாங்க ஒண்டும் இல்லாமத்தானே போனோம்?" போனீர்கள். திரும்பி வந்தவர்கள்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள். வராதவர்கள் கேட்க மாட்டார்கள்.

"செலவு கூடும்." சவுண்ட் செட் வாடகையைக் குறையுங்கள். நாம் மேலே சொன்ன சாமான் எல்லாவற்றையும் வாங்கி மிச்சமும் வரும். பெட்டி அடுத்த ட்ரிப்புக்கும் உதவும், மருந்துகளின் காலாவதித் திகதியை மட்டும் பார்த்து மாற்றினால் போதும்.

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், தவக்குல் வைங்க." தவக்குல் வைப்போம். ஒட்டகத்தைக் கட்டாமல் விட வந்தவருக்கு நபியவர்கள் சொன்ன அறிவுரையை எத்தனை ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம்! கட்டுவதும் தவக்குலில் சேர்ந்ததுதான். புரியாணிக்கு அரிசி குறைந்துவிடுமோ என்று ரெண்டு கிலோ கூட வாங்குகிறோமே, அங்கே மட்டும் ஏன் தவக்குல் வைப்பதில்லை? பிள்ளையின் உயிர் அமானிதம். அமானிதத்தில் அலட்சியமாக இருந்துவிட்டு கத்ரின் மேல் பழி போடக் கூடாது.

ஆகவே பள்ளி நிர்வாகங்கள், கழகங்கள், பாடசாலை அபிவிருத்திக் குழுக்கள், டியூஷன் ஆசிரியர்கள், குடும்பப் பெரியவர்கள் எல்லாரிடமும் நாங்கள் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று, ட்ரிப் பட்டியலின் முதல் வரி பாதுகாப்புச் சாமானாக இருக்கட்டும். கோழிக்கு முந்தி அது.

இரண்டு, பஸ்ஸுக்கு ஒரு பொறுப்பு ஆள். பேரைச் சொல்லி நியமியுங்கள். அவர் பட்டியலைக் கையில் வைத்து, சாமான் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து, ஆட்களை எண்ணிய பிறகுதான் பயண துஆ. பிறகுதான் பஸ் அசையும். ஒவ்வொரு தரிப்பிலும் திரும்ப எண்ண வேண்டும்.

மூன்று, பெற்றோர் கேட்க வேண்டும். பிள்ளையின் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன், "சேர், முதலுதவிப் பெட்டி இருக்கா? பேர்ப் பட்டியல் எங்க? காஸ் சிலிண்டர் ஏத்துறீங்களா?" என்று கேளுங்கள். நாங்கள் ஆசிரியர்கள் கோபிக்க மாட்டோம். கோபிக்கிறவரோடு பிள்ளையை அனுப்பாதீர்கள்.

இந்த லீவுக்கு உங்கள் பஸ்ஸின் பட்டியலில் அந்த முதல் வரி இருக்கிறதா என்று கீழே கொமண்டில் எழுதுங்கள். விடுபட்ட சாமான் இருந்தால் அதையும் எழுதுங்கள், சேர்த்துக்கொள்வோம். உங்கள் ட்ரிப் குரூப்பில் இதைப் போட வெட்கப்படாதீர்கள்.

போகிற எல்லாரையும் அல்லாஹ் சுகமாக வீடு சேர்க்கட்டும். ஆமீன்.